எழுபத்தோரு வயதில் கைக்கு வந்த சைட்

மைக்கேலாஞ்சலோ என்றால் சிற்பி, ஓவியர் என்றுதான் நம்மில் பலர் சொல்வோம். சிவில் படித்தவர்கள் அவரை ஒரு சைட் இன்சார்ஜாகவும் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி.

1475-ல் இத்தாலியில் கப்ரேசே என்ற சிற்றூரில் பிறந்தவர். டேவிட் சிலை, சிஸ்டைன் ஆலய விதானம் என்று பேரெல்லாம் சம்பாதித்து முடித்த பிறகு, 71 வயதில், ரோமாபுரியின் புனித பேதுரு பேராலயத்தை போப்பாண்டவர் மூன்றாம் பால் அவர் தலையில் கட்டினார். 1506-ல் பிரமாந்தே தொடங்கிய வேலை அது. நாற்பது வருஷமாகியும் குவிமாடம் எழும்பவில்லை.

சம்பளம் வேண்டாம் என்றுவிட்டார் கிழவர். ஆனால் பிளானை மாற்றும் அதிகாரத்தை விடவில்லை. முன்னவர் சாங்காலோ ஏழு வருஷம் செய்வித்த பெரிய மர மாடலை ஓரங்கட்டி, அவர் கட்டியிருந்த வெளிச்சுற்றையும் இடிக்கச் சொன்னார். வெளிச்சம் வராது, செலவும் தாங்காது என்பது வாதம். சாங்காலோவின் ஆட்கள் சும்மா இருப்பார்களா? கடைசிவரை கோள் மூட்டிக்கொண்டே இருந்தார்கள்.

1557-ல் வயது 82. தினம் சைட்டுக்குப் போக உடம்பு ஒத்துழைக்கவில்லை. தெற்குப் பக்கத்து அரைவட்டக் கூரையில், இடத்துக்கு இடம் வளைவு மாற வேண்டியதற்கு மேஸ்திரி ஒரே அளவில் சென்ட்ரிங் அடித்துவிட்டார். கட்டினதைப் பிரித்துத் திரும்பக் கட்ட வேண்டியதாயிற்று. வாய்ப்பேச்சும் டிராயிங்கும் போதாது என்று அவருக்குப் பட்டிருக்க வேண்டும். அடுத்த வருஷமே குவிமாடத்துக்கு ஆள் உயரத்தைத் தாண்டும் மர மாடல் செய்ய ஆரம்பித்து, 1561-ல் முடித்தார்கள்.

இதற்கிடையில் ஃப்ளாரன்ஸ் பிரபு ஊருக்கே வந்துவிடும்படி திரும்பத் திரும்ப அழைத்தார். இவர் போகவில்லை. தான் நகர்ந்தால் டிசைனை மாற்றிவிடுவார்கள் என்ற பயம். யாரும் மாற்ற முடியாத கட்டத்துக்கு வேலையைக் கொண்டுவந்து விடணும் என்பதே குறி.

1564 பிப்ரவரி 18-ல் இறந்தபோது, குவிமாடத்தைத் தாங்கும் வட்டச்சுவர் கிட்டத்தட்ட முடிந்திருந்தது. ஏறக்குறைய 42 மீட்டர் குறுக்களவுள்ள அந்தக் குவிமாடத்தை 1588-90-ல் தெல்லா போர்தா என்பவர் முடித்தார், கொஞ்சம் உயரமாக்கி. 1740-களில் விரிசலுக்குப் பயந்து இரும்பு வளையங்கள் பூட்டினார்கள்.

அவர் பயந்ததும் ஒரு பக்கம் நடந்தது. 1607-க்குப் பிறகு மதேர்னோ முன்மண்டபத்தை நீட்டியதால், சதுக்கத்தில் கிட்டே நின்றால் குவிமாடத்தின் அடிப்பகுதி மறைந்துவிடும். அவர் நினைத்த மாதிரி பார்க்கணும்னா, பின்பக்கம் வத்திக்கான் தோட்டத்துக்குத்தான் போகணும்.