வள்ளல் அழகப்பச் செட்டியார்

நம் திருவேங்கடத்தில் தீப்பெட்டித் தொழிலாலும் வியாபாரத்தாலும் பொருளீட்டும் நம்மவர்கள் தர்மத்தில் பின்வாங்குபவரல்லர். எனினும் அப்பொருள் பலவாறு சிதறிப்போவதைக் காணுந்தோறும் இவ்வள்ளலின் சரிதமே நம் நினைவுக்கு வருகிறது. அன்னதானம் ஆகாதென்பது நம் கருத்தன்று.

1909இல் கோட்டையூரில் பிறந்த இவர், திருச்சூருக்கருகே நூலாலை நிறுவியும் வேறு பல தொழில்கள் நடத்தியும் பெருஞ்செல்வரானார். பெருங்கம்பெனிகள் லாபத்தில் நூற்றுக்கு 2 வீதம் பொதுநலத்துக்குச் செலவிடவேண்டுமென்னும் 2013ஆம் வருஷத்துச் சட்டம் அந்நாளில் ஏது? 1947இல் காரைக்குடியில் கல்லூரி கண்டார். மத்திய சர்க்கார் நாட்டின் பல பாகங்களில் விஞ்ஞான ஆய்வுக்கூடங்களை ஸ்தாபிக்கத் திட்டமிட்டபோது, 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தாமே முன்வந்து ஈந்தார். இங்கேதான் அவருடைய வியாபார புத்தி தர்மத்துக்குத் துணையாயிற்று. ஆய்வுக்கூடத்தைத் தனியொருவராய் நடத்த முற்பட்டிருப்பின் எத்தனை வருஷம் தாங்கியிருக்கும்? அவர் கொடையோ சர்க்காரையே அவ்வறண்ட பூமிக்கு அழைத்து வந்தது. ஆண்டுதோறும் ஆகும் செலவு சர்க்காரைச் சார்ந்தது. 1948இல் நேரு அடிக்கல் நாட்ட, மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953இல் திறக்கப்பெற்றது.

தாம் வசித்த மாளிகையையும் பெண்கள் கல்லூரிக்கு விட்டுக்கொடுத்த வள்ளல், 48 பிராயம் நிறையுமுன்னரே 1957 ஏப்ரலில் காலமானார். அவர் பெயரால் காரைக்குடியில் 1985இல் சர்வகலாசாலை எழுந்தது.