தேடி வந்த ஆயன்



கல்முனையில் வாழும் நமக்குத் திருப்பலியில் பங்குபற்ற எவருடைய தடையுமில்லை. ஆயினும், பல ஆண்டுகளாகக் கோவில் படியை மிதியாத ஒருவரேனும் நம் குடும்பங்களில் இல்லையா? அவரை மனதில் வைத்துக்கொண்டு புனித யோசவ் வாஸ் அடிகளாரின் வாழ்வைச் சற்றே நோக்குங்கள்.

அடிகளார் 1651இல் கோவாவின் பெனோலிம் கிராமத்தில் பிறந்தார். அவர் சிறுவனாயிருந்த 1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமாயிற்று. குருக்கள் துரத்தப்பட்டனர், ஆலயங்கள் பறிபோயின. உத்தியோகம் பெறவும் திருமணத்தைப் பதியவும் ஒல்லாந்தரின் சபையையே நாட வேண்டியிருந்தது. அச்சத்தினால் பலர் அங்கே பெயரைக் கொடுத்தனர். வீட்டில் மறைவாகச் செபமாலை சொன்னவர்களும் உண்டு; நாளடைவில் அதையும் கைவிட்டவர்களும் உண்டு.

இச்செய்தி கோவாவில் இருந்த அடிகளாரை உறங்கவிடவில்லை. 1687இல் ஏழைக் கூலியாளின் கோலத்தில், ஜோன் என்னும் பணியாளரோடு யாழ்ப்பாணக் கரை சேர்ந்தார். கடும் நோயில் வீழ்ந்தார்; எழுந்ததும் வீடு வீடாகப் பிச்சை கேட்டார். கழுத்தில் செபமாலை தொங்கியது. அதைக் கண்டு எவர் முகம் மாறுகிறது என்று பார்த்தே கத்தோலிக்கரை இனங்கண்டார் என்பர். சில்லாலை அவருக்குப் புகலிடமாயிற்று. இரவில் பாவசங்கீர்த்தனமும் திருப்பலியும் நடந்தன. ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் குருவின் முகம் காணாதவர்கள் மீண்டும் நற்கருணை உட்கொண்டார்கள்.

1692இல் கண்டி சென்றபோது போர்த்துக்கேய ஒற்றனெனச் சிறையிடப்பட்டார். பின்னர் இரண்டாம் விமலதர்மசூரிய மன்னனே அவருக்கு ஆதரவளித்தான். அம்மை நோய் பரவி, உறவினரே நோயாளரைக் கைவிட்டு ஓடியபோது, மத பேதமின்றி அவர்களுக்குப் பணிவிடை செய்தார். 1711 சனவரி 16இல் கண்டியில் இறைபதம் எய்தினார். 2015 சனவரி 14இல் கொழும்பில் திருத்தந்தை பிரான்சிஸ் அவரைப் புனிதராக உயர்த்தினார்.

முன்னொரு காலத்தில் போர்த்துக்கேயர் துரத்திய முஸ்லிம் மக்களுக்கு நமது கிழக்குக் கரையில் இடமளித்தவனும் கண்டி மன்னன் செனரத்தே. துரத்தப்பட்டவருக்கு இடமளித்த நாட்டில், விலகிப்போனவருக்கு நம் வீட்டில் இடமில்லாதிருக்கலாமா?

வாசகரே, விலகி நிற்கும் அண்ணனிடமோ மகளிடமோ ஏன் வரவில்லையென்று கணக்குக் கேளாதீர்கள். அடிகளார் குற்றப்பத்திரிகையோடு வரவில்லை, பாவமன்னிப்போடு வந்தார். நீங்களும் அவர்கள் வாசலுக்குப் போங்கள்.

விலகி நிற்பவர் நீங்களேயானால், வெட்கம் வேண்டாம். திருமணச் சிக்கலோ பழைய மனத்தாங்கலோ எதுவாயினும் பங்குக் குருவிடம் வந்து பேசுங்கள். அன்று இரவிலே ஒளிந்து வந்தார்கள். இன்று பகலிலேயே கதவு திறந்திருக்கிறது.