ஆடையில் மானம் மீட்ட அய்யன்காளி

உடலை மறைப்பது மட்டுமன்று உடை. உலகம் ஒருவரை எந்நிலையில் வைத்துள்ளது என்பதையும் அது காட்டிவிடும். பழைய திருவிதாங்கூரில் புலையர் குலத்தார் இடுப்புக்கு மேலும் முழங்காலுக்குக் கீழும் துணி உடுத்தலாகாது என்பது வழக்கம். மகளிர்க்கு மேலாடை இல்லை. கல்லும் மணியும் கோத்த மாலைகளே அணிகலன். அவை அழகுக்கு அணிந்தவை அல்ல. அடிமைக்கு இட்ட அடையாளம்.

அந்நாட்டில் திருவனந்தபுரத்தை அடுத்த வெங்ஙானூரில் 1863ஆம் ஆண்டு பிறந்தவர் அய்யன்காளி. 1893இல் அவர் வில்வண்டி ஒன்றை வாங்கினார். வெள்ளை வேட்டியும் மேலாடையும் தலைப்பாகையும் அணிந்து, தம்மவர்க்கு மறுக்கப்பட்ட பொதுச்சாலையில் அதனைச் செலுத்தினார். எதிர்ப்புக் கண்டு அவர் பின்வாங்கினாரல்லர். 1907இல் சாது ஜன பரிபாலன சங்கத்தை நிறுவினார்.

1915இல் கொல்லத்தை அடுத்த பெரிநாட்டுப் பகுதியில் மகளிர் கல்மாலையைத் துறக்க முற்பட்டபோது கலகம் மூண்டது, குடிசைகள் எரிந்தன. அவ்வாண்டு டிசம்பரில் கொல்லத்தில் அவர் கூட்டிய பெருங்கூட்டத்தில், பிற குலத்தாரும் காண, மகளிர் தம் கல்மாலைகளை அறுத்தெறிந்தனர். அவை குவியலாய்க் கிடந்தன.

எழுத்தறியாத அப்பெருமகனார் ஆடையுரிமையோடு அமைந்தாரல்லர். பிள்ளைகளுக்குப் பள்ளிக்கதவு திறக்கும்வரை வயலில் இறங்க வேண்டாம் என உழைப்பாளரை ஒன்றுதிரட்டினார். 1937இல் காந்தியடிகள் வெங்ஙானூர் வந்தபோது, தம் குலத்தில் பத்துப் பி.ஏ. பட்டதாரிகளைக் காண விழைவதாகக் கூறினார். 1941இல் மறைந்தார்.

இளைஞர்களே! நல்லாடை உடுத்துங்கள், அதில் நாணம் வேண்டா. ஆனால் அவ்வாடையுடன் கையில் நூலும் இருக்கட்டும். அவர் கேட்டது இரண்டையுமே.