நிலக்கரி லாரியில் பிறந்த வேகம்

தஞ்சோங் மாலிம் என்றதும் இரண்டு இடங்கள் நினைவுக்கு வரும். ஒன்று, 1922-இல் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக வளர்ந்து நிற்கும் கல்விக்கூடம். மற்றொன்று, புரோட்டோன் கார் தொழிற்சாலை. இவ்வூரில் படிக்கும் நான் அடிக்கடி கேட்கும் பேச்சு ஒன்று உண்டு. தேர்வில் நன்றாகச் செய்பவன் பல்கலைக்கழகத்துக்குப் போவான். செய்யாதவன் பட்டறைக்குப் போவான். மூளைக்கு ஒரு வழி, கைக்கு ஒரு வழி என்று பிரித்துப் பேசும் இந்தப் பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. அதற்கு ஒரு காரணம், உலகின் மிக வேகமான படகுகளை ஓட்டிய கார் வூட் என்ற அமெரிக்கரின் வாழ்க்கை.

பெயரில் உள்ள ‘கார்’ வாகனத்தைக் குறிப்பதல்ல. அவருடைய முழுப்பெயர் கார்ஃபீல்ட் ஆர்தர் வூட். 1880 டிசம்பர் 4-ஆம் தேதி அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் பிறந்தார். அதற்கு முந்தைய மாதம்தான் அங்கே தேர்தலில் கார்ஃபீல்ட் அதிபராகவும் ஆர்தர் துணையதிபராகவும் வெற்றி பெற்றிருந்தனர். அவ்விருவரின் பெயர்களையும் சேர்த்துப் பிள்ளைக்குச் சூட்டிவிட்டார்கள். பெரிய குடும்பம். தந்தை ஏரியில் பயணப் படகு ஓட்டிப் பிழைத்தவர். ஆகவே நீரும் இயந்திரமும் சிறு வயதிலிருந்தே வூட்டின் கண்முன் இருந்தன.

அவரைச் செல்வராக்கியது படகல்ல, நிலக்கரி லாரி. நிலக்கரி ஏற்றிவரும் லாரியின் பின்பெட்டியை அந்நாளில் ஓட்டுநர் கையால் சுழற்றிச் சுழற்றித்தான் உயர்த்த வேண்டும். உடம்பு நோகும், நேரமும் போகும். பலரும் தினமும் பார்த்துவிட்டுக் கடந்துபோன இந்தக் காட்சி வூட்டை யோசிக்க வைத்தது. 1911-ஆம் ஆண்டு, எண்ணெயின் அழுத்தத்தால் பெட்டியைத் தூக்கும் கருவியை அவர் உருவாக்கினார். இன்று நம் நெடுஞ்சாலைகளில் மண்ணும் கல்லும் ஏற்றிச் செல்லும் லாரிகள் பின்பெட்டியைச் சாய்த்துக் கொட்டுவதும் இதே தத்துவத்தில்தான். அந்தக் கண்டுபிடிப்பு டெட்ராய்ட் நகரில் பெரிய தொழிலாக வளர்ந்தது. அதில் கிடைத்த பணத்தைத்தான் அவர் தம் பொழுதுபோக்கில் போட்டார். அந்தப் பொழுதுபோக்கு வேகப்படகு.

1916-இல் ‘மிஸ் டெட்ராய்ட்’ என்ற பந்தயப் படகை அவர் விலைக்கு வாங்கினார். அத்தோடு நிற்காமல், அதைக் கட்டிய கிறிஸ் ஸ்மித் என்ற கைதேர்ந்த படகுக் கலைஞருடன் கூட்டுச் சேர்ந்தார். ஸ்மித் படகின் உடலைப் பார்த்துக்கொள்ள, வூட் இயந்திரத்தில் இறங்கினார். 1917 முதல் 1921 வரை அமெரிக்காவின் தங்கக் கோப்பை தொடர்ந்து ஐந்து முறை அவர் கைக்கு வந்தது. வேறு யாரும் நெருங்க முடியாத நிலை ஏற்பட்டதால், இயந்திரத்தின் அளவுக்கே வரம்பு வைத்துப் பந்தய விதியை மாற்ற வேண்டியதாயிற்று.

அவருடைய வெற்றியின் இரகசியம் என்ன? முதலாம் உலகப் போர் முடிந்ததும் விமானங்களுக்காகச் செய்யப்பட்ட ‘லிபர்ட்டி’ இயந்திரங்கள் ஏராளமாக மிஞ்சிக் கிடந்தன. பன்னிரண்டு சிலிண்டர்கள், ஏறத்தாழ 400 குதிரைத்திறன். விமானத்துக்காகச் செய்ததால், தரும் ஆற்றலோடு ஒப்பிடும்போது எடை குறைவு. வேகப்படகுக்கு வேண்டியதும் அதுதான். வேகம் கூடும்போது இவ்வகைப் படகு நீரைக் கிழித்துக்கொண்டு போவதில்லை. மேலெழுந்து நீரின் மேற்பரப்பில் சறுக்குகிறது. எடை அதிகமானால் அது எழும்பாது. வூட் இந்த விமான இயந்திரங்களைப் பெருமளவில் வாங்கி, படகுக்கு ஏற்றபடி மாற்றியமைத்தார். வானில் சுழலும் விசிறிக்காகச் செய்த இயந்திரத்தை நீருக்குள் சுழலும் விசிறியோடு இணைப்பது எளிதல்ல. குளிரூட்டும் முறை, எண்ணெய் ஓட்டம், சுழல்தண்டு என ஒவ்வொன்றையும் திரும்ப யோசிக்க வேண்டும்.

அப்படி இரண்டு இயந்திரங்கள் பூட்டிய ‘மிஸ் அமெரிக்கா’ என்ற படகுடன் 1920-இல் அவர் இங்கிலாந்து சென்று, உலகப் புகழ் பெற்ற ஹார்ம்ஸ்வொர்த் கோப்பையை வென்று வந்தார். அதே ஆண்டு அவருடைய படகு மணிக்கு 120 கிலோமீட்டரைத் தொட்டு உலகச் சாதனை படைத்தது.

நமக்கு நெருக்கமான ஒரு செய்தியையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். அதே 1920-இல்தான் கோயம்புத்தூரின் ஜி.டி. நாயுடு, பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே தம் முதல் பேருந்தை ஓட்டத் தொடங்கினார். ஒரு மோட்டார் சைக்கிளைக் கண்டு வியந்து, உணவகத்தில் வேலை செய்து பணம் சேர்த்து, அதை வாங்கிப் பிரித்துப் பார்த்தே இயந்திரம் கற்றவர் அவர். இருவரும் சந்தித்ததாக எந்தச் செய்தியும் இல்லை. ஆனால் பிரித்துப் பார்த்துக் கற்கும் குணம் இருவருக்கும் பொது.

வூட்டுக்கு ஆரவாரமும் பிடிக்கும். 1921-இல் மியாமியிலிருந்து நியூயார்க் வரை விரைவு ரயிலோடு போட்டியிட்டு, கடல் வழியே ஏறத்தாழ 2,000 கிலோமீட்டரை 47 மணி நேரத்துக்குச் சற்றே கூடுதலான நேரத்தில் கடந்து, ரயிலைச் சில நிமிடங்களில் முந்தினார். பந்தயப் படகில் இரண்டு கரடி பொம்மைகளை உடன் வைத்துக்கொள்வார். அவற்றை விட முக்கியமான துணை, அருகில் அமர்ந்து இயந்திரங்களைக் கவனித்துக்கொண்ட ஆர்லின் ஜான்சன் என்ற மெக்கானிக். சுக்கான் வூட்டின் கையில் இருந்தாலும் உயிர் இருவருடையதும் தான்.

அது வெறும் பேச்சல்ல. 1930 ஜூன் 13-ஆம் தேதி பிரிட்டனின் ஹென்றி செக்ரேவ், வின்டர்மியர் ஏரியில் மணிக்கு 158 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் புதிய சாதனை படைத்தார். அன்றே அவருடைய ‘மிஸ் இங்கிலாந்து 2’ கவிழ்ந்தது. செக்ரேவும் உடன் சென்ற பொறியாளர் ஒருவரும் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டு மார்ச் மாதம் வூட் மியாமியில் மணிக்கு 164 கிலோமீட்டரைக் கடந்து, நீரில் நூறு மைல் வேகத்தைத் தாண்டிய முதல் மனிதரானார்.

இதே 1931-இல்தான் அவர் வாழ்க்கையின் மிகவும் சர்ச்சைக்குரிய நாளும் வந்தது. பழுது பார்க்கப்பட்ட ‘மிஸ் இங்கிலாந்து 2’ படகுடன் கே டான் என்ற பிரிட்டிஷ் வீரர் டெட்ராய்ட் ஆற்றுக்கு வந்தார். கரையில் இலட்சக்கணக்கான மக்கள். முதல் சுற்றில் டான் வென்றார். இரண்டாம் சுற்றில், குறித்த நேரத்துக்குச் சில விநாடிகள் முன்பே வூட் தொடக்கக் கோட்டைத் தாண்டினார். டானும் அவரைப் பின்தொடர்ந்து பாய்ந்தார். இருவருமே தகுதியிழந்தனர், திருப்பம் ஒன்றில் டானின் படகும் கவிழ்ந்தது. நல்லவேளையாக அவர் உயிர் தப்பினார். வூட்டின் தம்பி ஜார்ஜ், தம் படகில் விதிப்படி ஓட்டிக் கோப்பையை அமெரிக்காவிலேயே தங்க வைத்தார்.

டானை வலையில் விழ வைக்கவே வூட் முந்திப் பாய்ந்தார் என்று பலர் கொதித்தனர். அவர் மனத்தில் என்ன இருந்தது என்பதை நாம் இன்று அளக்க முடியாது. ஆனால் எனக்கு ஒன்று உறுத்துகிறது. பத்தாண்டுகளுக்கு மேல் இயந்திரத்தால் வென்ற மனிதருக்கு அன்று கோப்பை கிடைத்தது இயந்திரத்தால் அல்ல. வெற்றிக்குப் பின்னும் விளக்கம் சொல்ல வேண்டிய நிலை எந்த வீரனுக்கும் பெருமை தராது.

அந்தக் கறைக்கு அவர் அளித்த பதில் பட்டறையிலிருந்து வந்தது. 1932-இல் ‘மிஸ் அமெரிக்கா 10’ நீரில் இறங்கியது. நான்கு பேக்கார்ட் இயந்திரங்கள், ஒவ்வொன்றும் 1,600 குதிரைத்திறன். அவ்வாண்டு கே டான் மணிக்கு 192 கிலோமீட்டர் வரை கொண்டுபோன சாதனையை, செப்டம்பரில் வூட் 200-ஐத் தாண்டி முறியடித்தார். அந்தச் சாதனை ஐந்து ஆண்டுகள் நிலைத்தது. இயற்பியல் படிப்பவர்கள் இந்தக் கணக்கைக் கவனிக்கலாம்: 1920-இல் ஏறத்தாழ 800 குதிரைத்திறனில் கிடைத்தது 120 கிலோமீட்டர் வேகம். 1932-இல் 6,400 குதிரைத்திறனில் 200 கிலோமீட்டர். ஆற்றல் எட்டு மடங்கு கூடியும் வேகம் இரண்டு மடங்காகவில்லை. வேகம் கூடக் கூட நீரும் காற்றும் காட்டும் எதிர்ப்பு அப்படி.

ஹார்ம்ஸ்வொர்த் கோப்பையை எட்டு முறை தாமே ஓட்டி வென்ற வூட், 1933-இல் பந்தயத்திலிருந்து விலகினார். 1971 ஜூன் 19-ஆம் தேதி தம் 90-ஆவது வயதில் காலமானார்.

நம் தாமான்களிலும் முன்னாள் தோட்டப்புறங்களிலும் மோட்டார் சைக்கிள் இயந்திரத்தைப் பிரித்து மாட்டத் தெரிந்த இளைஞர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். சத்தத்தை வைத்தே கோளாறு எங்கே என்று சொல்லிவிடுவார்கள். அந்தத் திறமை நள்ளிரவுச் சாலைப் பந்தயத்தில் போய் முடிந்தால் இழப்பு அவர்கள் குடும்பத்துக்கு மட்டும் அல்ல. எஸ்.பி.எம். முடிவுக்குக் காத்திருக்கும் தம்பி தங்கைகளே, உங்களுக்கு இயந்திரத்தில் ஆர்வம் இருந்தால் அதைப் பெற்றோரிடம் தயங்காமல் சொல்லுங்கள். தொழிற்கல்லூரிகளும் தொழில்நுட்பப் படிப்புகளும் நம் நாட்டில் இருக்கின்றன. பள்ளியின் வழிகாட்டி ஆசிரியரிடம் கேட்டால் விவரம் கிடைக்கும். உங்களைச் சுற்றி இன்னும் கையால் சிரமப்பட்டுச் செய்யப்படும் வேலைகளையும் கொஞ்சம் நின்று கவனியுங்கள். வூட்டுக்குப் படகு கிடைத்தது அப்படி ஒரு வேலையை நின்று பார்த்ததால்தான்.