வளைந்த விரல்கள் தந்த வெளிச்சம்

தீபாவளிக்கு நீங்கள் வெடிக்கும் பட்டாசு எந்த ஊரிலிருந்து வருகிறது என்று கேட்டால், ஒன்றாம் வகுப்புக் குழந்தைகூட சிவகாசி என்று சொல்லிவிடும். விருதுநகர் மாவட்டத்திலுள்ள அந்த ஊரையும், அதை அடுத்த சாத்தூர், கோவில்பட்டி பகுதிகளையும் சுற்றிக் கிடப்பது வானம் பார்த்த கரிசல் பூமி. மழை பெய்தால்தான் விளைச்சல். அந்தக் கரிசல் மண்ணில் பிறந்து, லட்சக்கணக்கானவர்களுக்குப் பார்வை கொடுத்த ஒருவரின் கதை இது.

அவர் பெயர் டாக்டர் கோவிந்தப்ப வெங்கடசாமி. உலகம் முழுவதும் அவரை டாக்டர் வி என்றே அழைத்தார்கள்.

பாரதியார் பிறந்த எட்டயபுரத்துக்குப் பக்கத்தில் அயன் வடமலாபுரம் என்றொரு சின்னக் கிராமம். அங்கே 1918 அக்டோபர் 1-ஆம் தேதி, ஒரு விவசாயக் குடும்பத்தில் மூத்த பிள்ளையாகப் பிறந்தார் வெங்கடசாமி. அவருக்கு ஐந்து வயதாகும்போதுதான் சிவகாசியில் தீப்பெட்டித் தொழிலே தொடங்கியது. கிராமத்துப் பள்ளியில் பென்சிலும் கிடையாது, நோட்டும் கிடையாது. ஆற்று மணலை அள்ளி வந்து தரையில் பரப்பி, விரலால் எழுதித்தான் படிக்க வேண்டும். அப்படி எழுதிய அந்த விரல்களை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள் குட்டீஸ். கதையே அவற்றைப் பற்றியதுதான்.

அவர் சிறுவனாக இருந்தபோது, உறவில் சகோதரிகளான மூன்று பெண்கள் அடுத்தடுத்துப் பிரசவ நேரத்தில் இறந்து போனார்கள். ஊரில் டாக்டரே இல்லை. அப்போதே பிரசவம் பார்க்கும் டாக்டராக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் வேதியியல் படித்தார். பிறகு சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் சேர்ந்து, 1944-ல் டாக்டர் பட்டம் பெற்றார். ராணுவ மருத்துவப் பிரிவிலும் சேர்ந்தார்.

அங்கேதான் வந்தது சோதனை. முடக்குவாதம் என்ற கொடிய மூட்டு நோய் தாக்கியது. கை, கால் மூட்டுகள் எல்லாம் வீங்கின. மாதக்கணக்கில் படுத்த படுக்கை. 1948-ல் ராணுவத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். மெல்ல எழுந்து நடமாடத் தொடங்கியபோது, விரல்கள் வளைந்து முறுக்கிக் கொண்டிருந்தன. பேனாவைக்கூடப் பிடிக்க முடியவில்லை. அந்தக் கைகளை வைத்துக்கொண்டு எப்படிப் பிரசவம் பார்ப்பது? சிறு வயதுக் கனவை விட்டுவிட வேண்டியதாயிற்று.

வேறொருவராக இருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து மருந்துச் சீட்டு எழுதும் வேலையைத் தேடியிருப்பார். இவரோ கண் மருத்துவம் படிக்கப் போனார்! கண் ஆபரேஷன் என்பது, கடுகளவு பிசகினாலும் பார்வை போய்விடும் வேலை. முதலில் பேனா பிடிக்கப் பழகினார். பிறகு கத்தி பிடிக்கப் பழகினார். 1951-ல் கண் மருத்துவத்தில் மேல்பட்டமும் வாங்கிவிட்டார். வளைந்த அந்த விரல்களாலேயே ஒரே நாளில் நூறு ஆபரேஷன்கள்வரை செய்யும் அளவுக்குத் தேர்ந்தார். வாழ்நாளில் அவர் தம் கையால் செய்த கண் ஆபரேஷன்கள் ஒரு லட்சத்துக்கும் மேல்.

1956-ல் மதுரை அரசு எர்ஸ்கின் ஆஸ்பத்திரிக்குக் கண் டாக்டராக வந்தார். கிராமத்து ஜனங்கள் கண்ணைக் கெடுத்துக்கொண்டு வந்த விதம் அவரை வருத்தியது. நெல் அறுக்கும்போது தாளின் முனை கண்ணில் கீறும். முள் குத்தும். சின்னக் கீறல்தானே என்று விட்டுவிடுவார்கள். கீறலுக்குள் காளான் இனக் கிருமி புகுந்து, கருவிழி புண்ணாகி வெளுத்துவிடும். கண்ணில் பூ விழுந்துவிட்டது என்பார்களே, பலருக்கு அது இப்படி வந்ததுதான். இதில் பச்சிலைச் சாறு, தாய்ப்பால் என்று கண்ணில் ஊற்றிய கைவைத்தியம் வேறு! டாக்டரைக் கேட்காமல் கடையில் வாங்கி விடும் சில சொட்டு மருந்துகளும் அப்படித்தான். சிவப்பு குறைந்ததுபோல் காட்டும். உள்ளே புண்ணை வளர்த்துவிடும்.

ஜனங்கள் ஆஸ்பத்திரிக்கு வராவிட்டால் என்ன, ஆஸ்பத்திரி ஜனங்களிடம் போகட்டும் என்று கிராமம் கிராமமாகக் கண் முகாம்கள் நடத்தினார். அந்த நாட்களில்தான் சர் ஜான் வில்சன் என்ற ஆங்கிலேயரின் நட்பு கிடைத்தது. வில்சன் இவரைவிட சில மாதங்களே இளையவர். பன்னிரண்டு வயதில், பள்ளியில் வேதியியல் பாடம் நடந்தபோது சூடாக்கிய ரசாயனம் வெடித்து, இரண்டு கண்களும் போய்விட்டன. ஒரே நொடியில் நடந்த விபத்து! அதன் பிறகும் ஆக்ஸ்போர்டில் படித்து, 1950-ல் பார்வையற்றோருக்காக ஒரு பெரிய சங்கத்தைத் தொடங்கி, நாடு நாடாகப் போனவர் அவர். விரல் வளைந்த டாக்டரும், வெடிவிபத்தில் கண்ணிழந்தவரும் நண்பர்களானது எவ்வளவு பொருத்தம், பாருங்கள்!

1976-ல் டாக்டர் வி அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். ஈசிசேரில் சாய்ந்து பேப்பர் படிக்கும் வயதில், மதுரையில் ஒரு வீட்டில் பதினோரு படுக்கைகளோடு கண் ஆஸ்பத்திரி ஆரம்பித்தார். அதுதான் அரவிந்த் கண் மருத்துவமனை. தங்கை டாக்டர் நாச்சியார், அவர் கணவர் டாக்டர் நம்பெருமாள்சாமி என்று குடும்பமே தோள் கொடுத்தது. பணம் போதாமல் வீட்டை அடமானம் வைத்தார்கள். வசதி இருப்பவர் கொடுக்கும் கட்டணத்தில், இல்லாதவருக்கு இலவச சிகிச்சை என்பதுதான் அங்கே கணக்கு. 1985-ல் தேனியிலும், 1988-ல் திருநெல்வேலியிலும், 1997-ல் கோவையிலும் ஆஸ்பத்திரிகள் எழுந்தன.

அந்தக் காலத்துக் கண்புரை ஆபரேஷனில் ஒரு சங்கடம் இருந்தது. கண்ணுக்குள் இருக்கும் லென்சை எடுத்துவிடுவார்கள். பதிலுக்கு சோடாபுட்டி கண்ணாடி மாட்ட வேண்டும். கண்ணாடி உடைந்தால் பழையபடி எல்லாம் மங்கல்தான்.

இதற்கு வழி பிறந்ததும் ஒரு கண் காயத்தில்தான்! இரண்டாம் உலகப் போரில், விமானத்தின் கூரை உடைந்து அதன் சில்லுகள் சில விமானிகளின் கண்ணுக்குள் பாய்ந்தன. அந்தப் பிளாஸ்டிக் சில்லு கண்ணுக்குள்ளே இருந்தும் புண்ணாகவில்லை என்பதை லண்டன் டாக்டர் ஹரால்டு ரிட்லி கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து, 1949-ல் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். பல ஆண்டுகள் கழித்து அது உலகெங்கும் பரவியது. ஆனால் வெளிநாட்டு லென்சின் விலையை ஏழைகள் தாங்க முடியுமா? 1992-ல் அரோலேப் என்ற தொழிற்கூடத்தைத் தொடங்கி, மதுரையிலேயே லென்ஸ் செய்ய ஏற்பாடு செய்தார் டாக்டர் வி. ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு விலைக்கு லென்ஸ் கிடைத்தது.

கீறல், முள், வெடிமருந்து, சுண்ணாம்பு. இவற்றால் கெட்ட கண்களோடு தீபாவளி நேரத்தில் இன்றும் குழந்தைகள் கண் ஆஸ்பத்திரிகளுக்கு வருகிறார்கள். வெடிக்காத பட்டாசைக் குனிந்து பார்த்தவர்களும் உண்டு, தள்ளி நின்று வேடிக்கை பார்த்தவர்களும் உண்டு. சுண்ணாம்போ ரசாயனமோ மருந்துப் பொடியோ கண்ணில் விழுந்தால், கண்ணைத் திறந்து வைத்து, நிறைய நல்ல தண்ணீரை விட்டு உடனே கழுவ வேண்டும். ஆனால் கண் கிழிந்திருந்தால், ஏதாவது குத்தி நின்றால், கழுவவும் கூடாது, பிடுங்கவும் கூடாது. அழுத்தாமல் ஒரு பேப்பர் கப்பால் மூடி ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டும். எந்தக் காயமானாலும் கசக்கவே கூடாது. இன்னொன்று, ஒரு கண்ணில் பட்ட ஆழமான காயம் நல்ல கண்ணையும் கெடுத்துவிடக்கூடும். மூன்று வயதில் அப்பாவின் குத்தூசி ஒரு கண்ணைக் குத்தியதில் பிரான்ஸ் சிறுவன் லூயி பிரெய்லுக்கு இரண்டு கண்ணும் போனது இப்படித்தான்.

டாக்டர் விக்கு 1973-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. எண்பது வயதைத் தாண்டியும் ஆஸ்பத்திரிக்கு வந்து போய்க்கொண்டிருந்தார். 2006 ஜூலை 7-ஆம் தேதி, 87-ஆம் வயதில் மறைந்தார். 2018 அக்டோபர் 1, அவருடைய நூறாவது பிறந்த நாள். அன்று கம்ப்யூட்டரைத் திறந்தவர்களுக்கு, கூகுளின் முகப்பில் அந்தக் கரிசல்காட்டு டாக்டரின் படம் தெரிந்தது.