தலபுராணம் தந்த மகாவித்துவான்

கோயில் திருப்பணி செய்யும் அன்பர்கள், கல்லாலும் சுதையாலும் ஆகிய பணியோடு சொல்லாலும் ஒரு பணி நிகழ்தல் வேண்டும் எனக் கருதிய காலம் ஒன்றிருந்தது. தத்தம் தலத்துக்குச் செந்தமிழ்ப் புராணம் ஒன்று வேண்டும் என்று ஊர்தோறும் செல்வர்கள் விழைந்தனர். 19-ஆம் நூற்றாண்டில் அவ்விழைவை நிறைவேற்றுதற்கென்றே பிறந்தவர்போல வாழ்ந்தவர், திரிசிரபுரம் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையவர்கள்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த எண்ணெயூரில் 1815-ஆம் ஆண்டு தோன்றிய இவர், தந்தையார் சிதம்பரம் பிள்ளையிடமே தமிழ் கற்கத் தொடங்கினார். இளமையிலேயே தந்தையாரை இழந்தார். வறுமை உடன் வந்தது. கல்வியில் இவருக்கிருந்த வேட்கையோ உலகியலார் பித்து என்றே கூறத்தக்கது. ஏடு விலைக்கு வாங்கப் பொருளில்லை. ஆதலின் கம்பராமாயணம் முழுவதையும் தம் கையாலேயே மும்முறை ஏட்டில் எழுதினார். தண்டியலங்காரம் அறிந்த பரதேசி ஒருவர் திருச்சிராப்பள்ளியில் வீடுதோறும் பிச்சையேற்றுத் திரிவதைக் கேள்வியுற்று, அவர் போகுமிடமெல்லாம் உடன் சென்று பணிவிடை புரிந்து அந்நூலைப் பாடங்கேட்டார். பிறர் நாணும் செயல் இது. இவருக்கோ நூல் கிடைத்தது ஒன்றே கண்ணாயிற்று. மலைக்கோட்டை மௌனமடத்து வேலாயுத முனிவரும், காஞ்சிபுரம் சபாபதி முதலியாரும் இவருக்குக் கற்பித்தோருள் குறிப்பிடத்தக்கவர்.

இவருடைய மற்றோர் இயல்பு, இடையறாது பாடுதல். இவர் சொல்லிக்கொண்டே போக, ஏடும் எழுத்தாணியும் ஏந்திய மாணாக்கர் எழுதிக்கொண்டே போவர். எழுதுவோர் கை சலிக்குமேயன்றிப் பாடுவோர் நாச் சலித்ததில்லை. உரிய துறை வாய்க்காவிடின் இவ்வியல்பு வெறும் விந்தையாய் முடிந்திருக்கும். அரசாங்க அலுவலோ வாணிகமோ இவரை ஒருநாளும் தாங்கியிரா. தலபுராணமோ பெருக்கை வேண்டுவது. வடமொழி மான்மியத்தை அறிந்தோர் தமிழ் வசனமாக்கித் தர, அதனைக் கொண்டு நாட்டுப்படலம், நகரப்படலம் முதலாக நூற்றுக்கணக்கான விருத்தங்களை இயற்றல் வேண்டும். அதற்கு ஓயாத நாவும், பன்னூற் பயிற்சியும், ஊர்விட்டு ஊர் சென்று தங்கும் மனமும் வேண்டும். மூன்றும் இவர்பால் இருந்தன. நாகைக் காரோணப் புராணம், குடந்தைப் புராணம், மாயூரப் புராணம், உறையூர்ப் புராணம், திருப்பெருந்துறைப் புராணம் என 20-க்கு மேற்பட்ட தலபுராணங்கள் இவ்வாறு எழுந்தன. திருப்பெருந்துறையில், காலையில் இயற்றிய செய்யுளைப் பிற்பகலில் அரங்கேற்றியதும் உண்டு.

இவை ஒரே அச்சில் வார்த்தவை என்று படியாமலே ஒதுக்குவார் சிலர். ஒரே காவிரிநாட்டை ஒவ்வொரு புராணத்திலும் வெவ்வேறு கற்பனையால் வருணிக்க இவர் பட்ட பாட்டை, இரண்டு நூல்களின் நாட்டுப்படலங்களை ஒருசேரப் படிப்போர் அறிவர். அளவு மிக்கமையால் சில இடங்களில் சுவை மெலிந்ததும் உண்மையே.

திருவாவடுதுறை ஆதீனம் இவரை மகாவித்துவானாகக் கொண்டு போற்றியது. இவர் கைக்கு வந்த பொருள் நில்லாது. மாணாக்கரைத் தம்மோடு வைத்து உணவளித்துப் பாடஞ்சொல்வதே இவருக்கு இன்பம். அதற்காகக் கடன் வாங்கவும் தயங்கார். குடும்பம் அதனால் வருந்தியதை மறைப்பதற்கில்லை. கற்பிப்பதில் சாதி சமய வேறுபாடு பாராட்டினாரல்லர். தியாகராச செட்டியார், கிறிஸ்தவராகிய சவரிராயலு நாயக்கர், இசுலாமியராகிய நாகூர்க் குலாம் காதிறு நாவலர் யாவரும் இவர் மாணாக்கர். 1871-இல் மாயூரத்தில் வந்து சேர்ந்த உ. வே. சாமிநாதையர், பின்னாளில் இவர் சரித்திரத்தை 1933, 1934-ஆம் ஆண்டுகளில் இரு பாகமாக வெளியிட்டார்.

கடன் முற்றும் தீரவில்லை. 1876-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் முதல் நாள், திருவாவடுதுறையில், கிறிஸ்தவ மாணாக்கர் சவேரிநாத பிள்ளை தாங்கியிருக்க, சாமிநாதையர் திருவாசகத்து அடைக்கலப்பத்தைப் படிக்கக் கேட்டவாறே பிள்ளையவர்கள் சிவபதம் எய்தினார்கள்.