மைக்கேல் தாமஸ் பாஸ்

மைக்கேல் தாமஸ் பாஸ் (ஜூலை 6, 1799 – ஏப்ரல் 29, 1884) இங்கிலாந்தைச் சேர்ந்த பியர் உற்பத்தியாளரும் அரசியல்வாதியும் ஆவார். பர்ட்டன் அபான் டிரென்ட் நகரில் இருந்த தம் குடும்பத்தின் ஆலையை உலகின் மிகப் பெரிய பியர் ஆலையாக வளர்த்தெடுத்தவர் இவர். இவரது நிறுவனத்தின் சிவப்பு முக்கோணமே ஐக்கிய இராச்சியத்தில் பதிவு செய்யப்பட்ட முதலாவது வணிகச் சின்னமாகும்.

இளமையும் தொழிலும்

பாஸ் பர்ட்டன் நகரில் பிறந்தார். இவரது பாட்டனார் வில்லியம் பாஸ் 1777இல் ஆலையைத் தொடங்கினார். இவரது தந்தையின் பெயரும் மைக்கேல் தாமஸ் பாஸ் என்பதேயாகும். தம் 18ஆம் வயதில் தொழில் பழகத் தொடங்கிய பாஸ், 1827இல் தந்தை இறந்தபின் நிருவாகப் பொறுப்பை ஏற்றார்.

சுண்ணாம்புச் சத்துகள் மிகுந்த பர்ட்டன் நகரின் கிணற்று நீர், வெளிர் நிறமுடைய பேல் ஏல் என்னும் பியர் வகைக்கு ஏற்றதாக இருந்தது. இவ்வகைப் பியர் கப்பல்கள் மூலம் இந்தியாவுக்குப் பெருமளவில் அனுப்பப்பட்டது. 1839இல் பர்ட்டனுக்கு இருப்புப்பாதை வந்ததும் உள்நாட்டு விற்பனையும் பெருகியது. 1877ஆம் ஆண்டளவில் ஆலையின் ஆண்டு உற்பத்தி 10 இலட்சம் பீப்பாய்களை எட்டியது.

சிவப்பு முக்கோணம்

கண்ணாடி மீதான வரி 1845இல் நீக்கப்பட்டபின் புட்டிகளின் விலை குறைந்தது. புட்டிப் பியரின் பயன்பாடும் பரவியது. ஆனால் பாஸ் நிறுவனம் தன் பியரைப் பெரும்பாலும் பீப்பாய்களிலேயே விற்றது. அதனை வாங்கிப் புட்டிகளில் அடைத்து விற்றவர்கள் வெவ்வேறு ஊர்களைச் சேர்ந்த வணிகர்கள். புட்டியைத் திறந்து பருகும் வரை உள்ளிருப்பது உண்மையான பாஸ் பியர்தானா என்பதை வாங்குபவர் அறிய வழியில்லை. அவரது நம்பிக்கைக்கு இருந்த ஒரே ஆதாரம் புட்டியின் மேல் ஒட்டப்பட்ட லேபிள்தான். அதனாலேயே போலி லேபிள்களும் சந்தையில் தோன்றின. வேறு பியரைப் பாஸ் பியர் என விற்போரால் வாங்குபவரின் பணமும் ஆலையின் நற்பெயரும் ஒருங்கே பாதிக்கப்பட்டன.

இந்நிலையில் 1875ஆம் ஆண்டின் வணிகச் சின்னப் பதிவுச் சட்டம் 1876 சனவரி 1 அன்று நடைமுறைக்கு வந்தது. சிவப்பு முக்கோணம் கொண்ட பாஸ் பேல் ஏல் லேபிள் முதல் எண்ணில் பதிவானது. இந்நிறுவனத்தின் சிவப்புச் சாய்சதுரம் இரண்டாம் எண்ணைப் பெற்றது. எளிய வடிவமும் ஒரே நிறமும் கொண்டிருந்ததால் முக்கோணத்தைத் தொலைவிலிருந்தே இனங்காண முடிந்தது. எழுத்தறியாதவரும் அதனைக் கேட்டு வாங்க இயன்றது.

பிரெஞ்சு ஓவியர் எடுவார்ட் மனே 1882இல் நிறைவு செய்த ஃபோலி-பெர்ஜர் மதுக்கூட ஓவியத்தில் பாஸ் புட்டிகள் இடம்பெற்றுள்ளன. அவற்றை அடையாளம் காட்டுவது சிவப்பு முக்கோணமே.

அரசியலும் பொதுப்பணியும்

பாஸ் 1848 முதல் 1883 வரை டார்பி தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினராக இருந்தார். லிபரல் கட்சியைச் சார்ந்தவர். இலண்டன் தெருக்களில் வாத்தியம் வாசிப்போரை, நோய் முதலிய தகுந்த காரணம் இருப்பின் அப்புறப்படுத்தக் கோரும் உரிமையை வீட்டுக்காரர்களுக்கு அளித்த 1864ஆம் ஆண்டுச் சட்டம் இவரது முயற்சியால் நிறைவேறியது. நீண்ட வேலை நேரத்தால் வருந்திய இருப்புப்பாதைத் தொழிலாளர்கள் 1871இல் சங்கம் அமைக்க முற்பட்டபோது அவர்களுக்கு ஆதரவளித்தார். அவருடைய பியரை ஏற்றிச் சென்றவையும் இருப்புப்பாதை நிறுவனங்களே என்பது இங்குக் குறிப்பிடத்தக்கது. டார்பி நகருக்கு நூலகமும் அருங்காட்சியகமும் அமைத்துக் கொடுத்தார். அக்கட்டடம் 1879இல் திறக்கப்பட்டது.

மறைவு

பிரபுப் பட்டத்தை ஏற்க மறுத்த பாஸ், 1884இல் ரேஞ்ச்மோரில் காலமானார். இவரது மகன் மைக்கேல் ஆர்தர் பாஸ் 1886இல் பர்ட்டன் பிரபு ஆனார். பாஸ் நிறுவனத்தின் பியர்த் தொழில் 2000ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் இன்டர்புரூ நிறுவனத்துக்கு விற்கப்பட்டது. ஆலை கைமாறிய பின்னரும் சிவப்பு முக்கோணம் மறையவில்லை. பாஸ் பியரின் அடையாளமாக அது தொடர்கிறது.